மான் படம் போட்ட பனியன்

ஜூன் 4, ஞாயிறு

அக்காவைக் காணவில்லை. ஆறாவது நாள்.

தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை காலை பால்காரர் போனபோது கதவு திறந்து கிடந்திருக்கிறது. அடுப்படித் தரையில் இரத்தம். சப்பாத்திக் கட்டை இரண்டு துண்டாக. அக்காவின் போன் அரிசி டப்பாவின் மேல். அக்கா இல்லை. பூபதியும் இல்லை. அவனுடைய வண்டி மட்டும் பட்டறை வாசலில் நின்றிருக்கிறது.

பூபதி அக்காவின் கணவன். பனியன்களில் படம் அச்சடிக்கும் பட்டறை வைத்திருக்கிறான். நான்கு வருடம் அவனை மாமா என்று கூப்பிட்டேன்.

"ரெண்டு பேரையும் தேடறோம்மா" என்கிறார் எஸ்.ஐ. இரண்டு பேரையும். சேர்ந்து சுற்றுலா போனவர்களைச் சொல்வதுபோல.

இன்று போனில் ஒரு குழுவைப் பார்த்தேன். 'கோகிலா எங்கே?' நாலாயிரம் பேர். யாரும் என் அக்காவை ஒருமுறைகூடப் பார்த்தவர்கள் இல்லை. கல்யாணப் படத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். ஓரத்தில் என் முழங்கை மட்டும் மிச்சம்.

சேர்ந்தேன். பெயர் கேட்டது. 'நடுநிலை' என்று போட்டேன்.

ஜூன் 5

அம்மாவுக்கு ரசம் சாதம் பிசைந்து வைத்தேன். ஆறிப்போனது.

குழுவில் இன்று:

"ஓடிப்போயிருக்கும் பாஸ். நூத்துக்கு எண்பது கேஸ் இதுதான்."

"அப்போ தரையில இருந்தது என்ன, தக்காளி சட்னியா?"

"கிணறு பாத்தாங்களா? எங்க ஊர்ல முதல்ல கிணறுதான்."

சிரிக்கும் பொம்மைகள். குழுவை நடத்துகிறவன் பெயர் தடயம் தினா. சென்னையில் இருக்கிறானாம். கட்டிலில் படுத்துக்கொண்டே மூன்று வழக்குகளைத் துப்புத் துலக்கியவனாம்.

ஜூன் 6

என் முதல் பதிவு. ஒரு கல்யாணப் படம், ஒரு பொங்கல் படம். இரண்டும் ஏற்கனவே குழுவில் இருந்தவைதான். பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினேன்: 'ஒன்றில் அரைக்கை ரவிக்கை. மற்றதில் முழுக்கை. திருப்பூர் வெயிலில் ஒரு பெண் ஏன் முழுக்கைக்கு மாறுகிறாள்?'

பத்து நிமிடத்தில் அறுநூறு பேர் அக்காவின் கையைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள்.

"நடுநிலை ப்ரோ, செம கண்ணு உங்களுக்கு."

"டிபார்ட்மெண்ட்ல இருக்கீங்களா ப்ரோ?"

நான் ஆண் என்று முடிவு செய்துவிட்டார்கள். மறுக்கவில்லை.

அந்த முழுக்கைக்குள் இருந்த சூட்டுத் தழும்பைப் பொங்கலன்றே நான் பார்த்தேன். கேட்டேன். குக்கர் பட்டுவிட்டது என்றாள். நானும் குக்கர் என்றே வைத்துக்கொண்டேன். அதைக் குழுவில் எழுதவில்லை.

எழுதி முடித்ததும் பசித்தது. நான்கு இட்லி சாப்பிட்டேன், எட்டு நாளில் முதல்முறையாக ருசி தெரிந்து.

ஜூன் 8

ஒரு படம் வந்திருக்கிறது. தாராபுரம் பேருந்து நிலையக் கேமரா, மே 30, காலை ஆறே கால். பூபதி. தோளில் பை. கறுப்புப் பனியன். பனியனில் ஒரு மான். மானுக்கு இரண்டு மூக்கு, நான்கு கண்.

அந்த மானை எனக்குத் தெரியும்.

அது எங்கள் கம்பெனியின் ஆர்டர். நான் அங்கே மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரர் கேட்டது கேட்டபடி வருகிறதா என்று கடைசிவரை பார்க்கிற வேலை. அச்சு வேலையைப் பூபதிக்கு வாங்கிக் கொடுத்ததும் நான்தான், அக்காவுக்காக. மார்ச் மாதம் அவனுடைய ஆட்கள் இரண்டாம் நிறத்தை அரை இஞ்ச் தள்ளி அடித்துவிட்டார்கள். மூவாயிரத்து எண்ணூறு உருப்படியும் தள்ளுபடி, நஷ்டம் பூபதி தலையில். அந்தத் தள்ளுபடி அறிக்கையில் இருப்பது என் கையெழுத்து.

திருப்பூரில் தள்ளுபடியான சரக்கை யாரும் எரிப்பதில்லை. ஸ்டாக் லாட் வியாபாரிகள் கிலோ கணக்கில் அள்ளிக்கொண்டு போவார்கள். ஒரே மாதத்தில் அது தேனி நடைபாதையிலோ ஒட்டன்சத்திரம் சந்தையிலோ குவியலாகக் கிடக்கும். இந்த ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். குழுவில் ஒருவருக்கும் தெரியவில்லை.

தினா எழுதினான்: "நண்பர்களே, இது மிஸ்பிரிண்ட். இந்த மாதிரி இன்னொண்ணு உலகத்துலயே இருக்காது. இனி இதுதான் நமக்குக் கைரேகை."

"நிறைய அடிச்சிருந்தா?" என்று ஒருவர் கேட்டார். ஒரே ஒருவர்.

"நடுநிலை ப்ரோ சொல்லட்டும். அவருக்குத்தான் திருப்பூர் உள்விவரம் எல்லாம் தெரியுது."

காத்திருந்தார்கள். அவர்கள் திரையில் 'நடுநிலை தட்டச்சு செய்கிறார்' என்று தெரிந்துகொண்டிருந்திருக்கும்.

'விசாரித்தேன். சாம்பிளுக்காக அடித்த ஒரே ஒரு உருப்படி. வேறு கிடையாது.'

சந்தேகம் வந்தால் கூட்டம் கலைந்துவிடும். கலையக் கூடாது. ஒரு டீக்கடையிலும் அவன் நிம்மதியாக நின்று டீ குடிக்க முடியாதபடி ஒரு நாட்டை அவனுக்கு நான் செய்து கொடுக்க வேண்டும்.

ஜூன் 9

மதியம் தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு. கழிப்பறைக்குப் போய்ப் பேசினேன்.

இன்று இவ்வளவு போதும்.

ஜூன் 10

அக்கா உயிரோடு இருக்கிறாள். நேற்று அழைத்தது அவள்தான்.

"தாரணி, நாந்தான். கத்தீராத."

கத்தவில்லை. வெளியே கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டேன்.

ஓசூரில் ஒரு பெண்கள் விடுதி. பேக்கிங் வேலை. தலையில் ஏழு தையல். அடித்துவிட்டு அவன் பட்டறைக்குப் போய்விட்டிருக்கிறான். விடிவதற்கு முன் இவளுக்கு நினைவு வந்திருக்கிறது. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, போனை வேண்டுமென்றே வைத்துவிட்டு, முதல் பேருந்தில் ஏறிவிட்டாள். பிறகு வந்தவன் இரத்தத்தைப் பார்த்து, ஆளைக் காணாமல், பயந்து ஓடியிருக்கிறான்.

"போலீசுக்குப் போலாம்க்கா."

"போனா? ரெண்டு பக்கத்துப் பெரிய மனுசங்களும் உக்காந்து பேசி, என்னைய மறுக்கா அங்கயே கொண்டு போய் உட்டுட்டு வருவாங்க. போன தடவ அதான நடந்துச்சு? நான் செத்தாத்தான் அவன் என்னையத் தேட மாட்டான். செத்தவளாவே இருந்துக்கறேன்."

"அம்மா?"

"அம்மாளுக்கு வாய் நிக்காது. சித்தப்பன்கிட்டச் சொல்லும். சித்தப்பன் அவன்ற கூட்டாளி."

பிறகு அவள் குரலில் பழைய குறும்பு வந்தது.

"இங்க ரூம்ல ஒரு புள்ள போன்ல என்ற கேசத்தான் தெனமும் பாக்கறா. நானும் பக்கத்துல உக்காந்து மிச்சர் தின்னுட்டே பாத்தேன். அந்தக் கல்யாணப் போட்டோவுல எனக்கே என்னைய அடையாளந் தெரியல. அதுல எவனோ நடுநிலையாமா. நம்மூட்டு அட்டாலியில ஒளிஞ்சிருந்து பாத்தவனாட்ட எழுதறான்."

"நாந்தான்க்கா அது."

"அடிக் கிராதகி."

இருவரும் சிரித்தோம். வாயைப் பொத்திக்கொண்டு, மூச்சு முட்டும்வரை. வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள்.

வைப்பதற்கு முன் இன்னொன்றும் சொன்னாள். "உன் தங்கச்சி போட்ட கையெழுத்துக்குத்தான்டி இது" என்று சொல்லிச் சொல்லி அடித்தானாம். குறையாகச் சொல்லவில்லை. பேச்சோடு பேச்சாக வந்தது. இதை இங்கே எழுதியிருக்க வேண்டாம்.

ஆக, கொலை இல்லை. கொலைகாரனும் இல்லை. குழுவில் ஒன்பதாயிரம் பேர். நான் எதையும் திருத்தவில்லை.

ஜூன் 11, ஞாயிறு

அம்மாவுடன் ஆனைமலை. அநியாயத்துக்கு ஆளானவர்கள் இந்தக் கோயிலில் மிளகாய் அரைத்து அம்மன் முன் உள்ள கல்லில் பூசுவார்கள். செய்தவனுக்கு உடம்பு எரியும் என்பது நம்பிக்கை. வரிசையாக ஆட்டுக்கற்கள். எல்லாக் கல்லிலும் யாரோ ஒரு பெண்.

அம்மா அழாமல் அரைத்தாள். வாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. "தாயே, என்ற புள்ளைய என்ற கண்ணுல காட்டாம மறச்சு வெச்சிருக்கறது எவரா இருந்தாலுஞ் செரி, அவங்க கொடலு எரியோணும்."

பிறகு என்னைப் பார்த்தாள். "நீயும் ரெண்டு சுத்து அரை கண்ணு. கூடப் பொறந்தவ."

அரைத்தேன். மணிக்கட்டுவரை எரிந்தது. பேருந்தில் அம்மா என் கைகளைத் தன் மடியில் எடுத்து வைத்து ஊதிக்கொண்டே வந்தாள்.

சொல்லியிருக்கலாம். வீடு வரும்வரை நேரம் இருந்தது.

ஜூன் 13

பதினாறாயிரம் பேர்.

பழநியில் பார்த்தார்களாம். அதே நேரத்தில் கம்பத்தில். அதே நேரத்தில் மணப்பாறை மாட்டுச் சந்தையில். எல்லா இடத்திலும் இரண்டு மூக்கு மான்.

"இவன் என்ன, ஹெலிகாப்டர் வெச்சிருக்கானா?" என்று ஒருவர் கேட்டார்.

"வேஷம் மாத்தறான் ப்ரோ."

"வேஷம் மாத்தறவன் பனியன மாத்த மாட்டானா?"

கடைசிக் கேள்வியைத் தினா நீக்கிவிட்டான். நான் மதியச் சாப்பாட்டில் தயிரை மறந்துவிட்டேன். மற்றபடி நாள் நன்றாகவே போனது.

ஜூன் 15

ஒட்டன்சத்திரத்தில் ஒருவரைப் பிடித்து அடித்துவிட்டார்கள்.

காய்கறிச் சுமை தூக்குபவர். பெயர் சவரிமுத்து. வயது நாற்பத்தொன்று. பூபதியைவிட அரையடி குள்ளம். தக்காளிக் கூடையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தபோது பனியனைப் பார்த்திருக்கிறார்கள். குழுவிலிருந்து நான்கு பேர் அடித்தார்கள். எத்தனை பேர் படம் எடுத்தார்கள் என்று எண்ண முடியவில்லை.

காணொளி இரண்டு நிமிடம் பதினொரு வினாடி. அதில் அவர் பேசுவது ஒரே ஒரு வாக்கியம். "சந்தையில வாங்குனதுப்பா. சந்தையில வாங்குனது." பிறகு சத்தம் மட்டும்.

தினா: "ஒரு விசாரணைன்னா சின்னத் தவறுகள் வரத்தான் செய்யும். ஒரே பீஸ்னு நடுநிலை சொன்னதாலதான்."

"அந்தாளு எதுக்கு அந்தப் பனியனப் போடணும்?" என்று ஒருவர் எழுதினார். அதற்கு எண்பது பேர் கை தட்டியிருந்தார்கள்.

ஜூன் 16

குழந்தைச் சட்டைகளுக்குப் பட்டன் இழுத்துப் பார்க்கும் சோதனை. ஐம்பது சட்டை. ஒரு பட்டனும் கழன்று வரவில்லை.

சவரிமுத்துவுக்கு இடது கண் போய்விட்டது.

ஜூன் 17

காலையில் 'நடுநிலை'க்குத் தனியாக ஒரு செய்தி. ஒரு படம். வெள்ளகோவில் பக்கம் ஒரு கோழிப் பண்ணை. தாடி, அழுக்கு லுங்கி, கையில் தீவன வாளி. பூபதி. இந்த முறை அவனேதான்.

கீழே எழுதியிருந்தது: 'இவன்தானா ப்ரோ? போன தடவை மாதிரி ஆகக் கூடாதுன்னு கேக்கறோம். நாங்க ஆறு பேர் இருக்கோம். நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்.'

'ஆமாம்' என்று அடித்தேன். அனுப்பவில்லை. அழிக்கவும் இல்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் துணி மடித்தேன். மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஆமாம். மூன்று எழுத்து. சப்பாத்திக் கட்டை உடைய எத்தனை அடி தேவைப்பட்டிருக்கும் என்று கணக்குப் போட்டேன். இவர்கள் ஆறு பேர்.

பதினொரு மணிக்கு அக்கா கூப்பிட்டாள்.

"அந்தச் சொமக்காரர் கேசப் பாத்தேன். நீ தான அந்த ஒண்ணே ஒண்ணுன்னு எழுதுனது?"

"ஆமா."

"அது எத்தன உருப்படின்னு உனக்குத் தெரியாதா? அவன் அதக் கழட்டி வீசியிருக்க மாட்டானா? அப்பறம் அதப் போட்டுட்டுத் திரியறது யாராம்? பாவப்பட்ட சனந்தான."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"நாளைக்குக் காத்தால ஸ்டேசனுக்கு வாறேன். முடிச்சிரலாம்."

"வந்தா அவன் வெளிய வந்துருவான்க்கா. கொலையே இல்லைன்னு ஆயிரும்."

"ஆகட்டும்."

"உன் தலையப் பொளந்திருக்கறான்!"

"தலை என்னுது, தாரணி. நானே அவன மறந்து ரெண்டு வேள நிம்மதியா சோறு திங்கறேன். உனக்கு எங்கிருந்துடி இத்தன வெறி?"

எங்கிருந்து என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கையெழுத்தைப் பற்றிச் சொன்னவளே அவள்தான்.

அவள் வைத்த பிறகு 'ஆமாம்' என்பதை அழித்தேன். 'இவன் இல்லை' என்று அனுப்பினேன். பண்ணையின் விலாசத்தை எஸ்.ஐ.க்கு என் சொந்த எண்ணிலிருந்து அனுப்பினேன்.

அவனைக் காப்பாற்றினேன் என்று பின்னால் நானே இதைப் படித்து நினைத்துக்கொள்ளக் கூடாது. ஆறு பேர் கை வைத்தால் அவன் அடிபட்டவன் ஆகிவிடுவான். ஜனங்கள் ஐயோ பாவம் என்பார்கள். சவரிமுத்து படுத்திருக்கும் வரிசையில் அவனுக்கும் ஒரு கட்டில் கிடைக்கும். அந்த ஐயோ பாவம் அவனுக்குக் கிடைக்கக் கூடாது.

ஜூன் 18, ஞாயிறு

ஸ்டேஷன்.

அம்மா அக்காவைப் பார்த்ததும் கத்தவில்லை. முகத்தைத் தடவினாள், தோளைத் தடவினாள், தலைத்துண்டை மட்டும் தொடவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எந்த நாள்லருந்து?"

"ஒம்பதாந்தேதி."

அம்மா விரல் விட்டு எண்ணினாள். ஒன்பது. பத்து. மிளகாய் அரைத்த பதினொன்றில் நின்றாள். அதற்குப் பிறகு இன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

பதினொரு மணிக்குப் பூபதியைக் கொண்டு வந்தார்கள். அக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவன் வாசலிலேயே நின்றான். இதற்காகத்தான் நான் போயிருந்தேன். மூன்று வாரமாகக் கொலைகாரனாகத் தூங்கியவன் செத்தவளைப் பார்க்கும் முகத்தைப் பார்க்க.

அப்படியே தரையில் உட்கார்ந்தான். ஓவென்று அழுதான். எனக்கு ஒரு கணம் மனம் குளிர்ந்தது.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எஸ்.ஐ.யைப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"பாருங்க சார், உசுரோட இருக்கறா. நல்லாப் பாத்துக்குங்க. நான் ஒண்ணுமே பண்ணலீங்க சார்."

ஒன்றுமே. அவன் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்புகிறான். அவளுடைய உயிரே அவனுக்கு விடுதலைப் பத்திரம்.

"செரிம்மா, காணாமப் போனவங்க கெடச்சாச்சு" என்று எஸ்.ஐ. கோப்பை மூடினார். "குடும்பத்துக்குள்ள பேசித் தீத்துக்குங்க."

அக்கா துண்டை அவிழ்த்தாள். பாதி தலை மழித்திருந்தது. ஏழு தையலின் தழும்பு.

"இத எப்படிங்க சார் பேசித் தீக்கறது?"

எஸ்.ஐ. அதைப் பார்த்தார். "அது வேற கேசு. தனியா எழுதிக் குடுங்க."

"எழுதறனுங்க." என் பக்கம் ஒரு தாளைத் தள்ளினாள். "நான் சொல்றேன். நான் சொல்றத மட்டும் எழுது."

இரண்டரைப் பக்கம். முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை, தேதியோடு. அவனை அங்கேயே உட்கார வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வரியையும் அவள் சத்தமாகச் சொன்னாள். ஆறாவதாக ஒரு தேதியைச் சொன்னபோது அவன் தலையைத் தொங்கப் போட்டான். அவள் நிறுத்தினாள். "நிமிந்து கேளு" என்றாள். நிமிர்ந்தான்.

நான் பதினாறாயிரம் பேரைத் திரட்டியும் முடியாததை அவள் ஒரு மரப் பெஞ்சில் உட்கார்ந்து செய்தாள்.

ஜூன் 20

குழுவின் பெயர் மாறிவிட்டது. 'நடுநிலை யார்?'

கோகிலா உயிரோடு வந்தது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஏமாற்றியவன் ஒருவன் வேண்டும். "கமா, முற்றுப்புள்ளி எல்லாம் சரியா வைக்கறான், வாத்தியாராத்தான் இருப்பான்" என்று யாரோ சொல்ல, மாலைக்குள் கரூரில் ஒரு தமிழாசிரியரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர் வீட்டு வாசல் படம். வாசலில் ஒரு சின்ன சைக்கிள்.

எழுதினேன்: 'நடுநிலை நான்தான். என் பெயர் தாரணி. கோகிலாவின் தங்கை. அந்தப் பனியன் மூவாயிரத்து எண்ணூறு இருந்தது. தெரிந்தே பொய் சொன்னேன்.'

"போ பாப்பா, வாத்தியாரக் காப்பாத்த வந்துட்டியா?"

"பொண்ணுங்க இவ்ளோ தெளிவா யோசிக்க மாட்டாங்க ப்ரோ."

தள்ளுபடி அறிக்கையைப் படமெடுத்துப் போட்டேன். கையெழுத்தோடு. பிறகு சைக்கிள் படத்தை நீக்கினார்கள். பத்து நிமிடத்தில் என் படம் வந்தது. எங்கள் தெருப் பெயர் வந்தது.

ஜூன் 21

கம்பெனியில் இனி வர வேண்டாம் என்றார்கள். ஸ்டேஷனில் என் வாக்குமூலத்தை வாங்கிக்கொண்டார்கள். கூப்பிட்டால் வர வேண்டும்.

அம்மா இன்றும் பேசவில்லை. தட்டை மட்டும் வைத்தாள்.

ஜூன் 22

திண்டுக்கல். மருத்துவமனை, இரண்டாவது மாடி, ஜன்னலோரக் கட்டில்.

சவரிமுத்து தூங்கிக்கொண்டிருந்தார். முகத்தில் பாதி கட்டு. பக்கத்தில் அவர் மனைவி ஆரோக்கியமேரி, பிளாஸ்க் மூடியில் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"யாரு ஆத்தா? சங்கத்துலருந்து வர்றியா?"

இல்லை என்று தலையசைத்தேன். அவருக்குப் பேச ஆள் கிடைத்தது போதுமாக இருந்தது.

"ஒண்ணே ஒண்ணுன்னு எழுதுனானாம்ல அந்தப் பய. நாந்தான் எடுத்துக் குடுத்தேன். நூறு ரூவாய்க்கு மூணு. என் அண்ணனுக்கு ஒண்ணு, மருமகனுக்கு ஒண்ணு, இவுகளுக்கு ஒண்ணு. மானு கோணலா இருக்கேன்னாக. கூடையத் தூக்குறதுக்கு மானு நேரா இருந்தா என்ன, கோணலா இருந்தா என்னன்னு நாந்தான் போட்டு விட்டேன்." கஞ்சியை ஊதினார். "அடிச்சவனுகள உள்ள வச்சுட்டாக. எழுதுனவன் மட்டும் என் கையில ஆப்டுக்கிடணும். ஏத்தா, நீ படிச்ச புள்ள மாதிரி தெரியிற. போன்ல பாத்து அவன் யாருன்னு சொல்லேன்."

"நான்தாங்க."

"என்னது?"

"எழுதினது நான்தாங்க. நிறைய இருக்குன்னு தெரியும். தெரிஞ்சேதான் எழுதினேன்."

மூடியைக் கீழே வைத்தார். கை ஓங்குவார் என்று நினைத்தேன். ஓங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் முகத்தையே பார்த்தார்.

"எங்கிட்ட எதுக்குடி சொல்ற?" குரலை உயர்த்தவில்லை. "அவுக முழிக்கட்டும். அவுககிட்டச் சொல்லு. சொல்றப்ப உன் மூஞ்சிய நல்லாப் பாத்துக்கிடட்டும். அதுக்கு ஒரு கண்ணு போதும்."

காலால் ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். பிறகு எழுந்து போய் வார்டு வாசலில் தரையில் உட்கார்ந்துகொண்டார், வழியை அடைத்தபடி.

உட்கார்ந்திருக்கிறேன். இதை இங்கேயே எழுதுகிறேன். போர்வைக்கு வெளியே அவருடைய வலது கை. விரல்கள் அசைகின்றன.